காத்திருக்கும் வேலைகளின் பட்டியல்

சிவகாசியில் அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும். ஆடிப் பதினெட்டன்று புதுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அன்றிலிருந்து டிசம்பர் வரை அச்சகத்து மேசைக்கு ஓய்வில்லை. கடைப் பெயர், படம், ப்ரூஃப், திருத்தம், ஒப்புதல், பார்சல் என்று ஒவ்வோர் ஆர்டருக்கும் பத்துக் கடிதம் வரும். அவுட்லுக் பயன்படுத்தும் அலுவலகங்களில், இந்தக் குவியலை வேலைத்திட்டமாக மாற்ற எந்தத் துணைநிரல் நல்லது என்று என்னிடம் கேட்கிறார்கள். நான் இரண்டு மரபுகளை ஒப்பிட்டுத்தான் பதில் சொல்வேன்.

ஃபிராங்க்ளின்கவி நிறுவனத்தின் பிளான்பிளஸ் மேலிருந்து கீழே வரும். உங்கள் பொறுப்புகள் என்ன, இந்த வாரத்தின் பெரிய காரியம் எது என்று முதலில் கேட்கும். பிறகு அன்றாட வேலைகளுக்கு ஏ1, ஏ2, பி1 என்று வரிசை போடச் சொல்லும். டேவிட் ஆலன் 2001இல் எழுதிய ‘கெட்டிங் திங்ஸ் டன்’ நூலின் முறைப்படி நெட்சென்ட்ரிக்ஸ் செய்த துணைநிரல் கீழிருந்து மேலே போகும். வந்த கடிதத்தைத் திறந்ததும் இதற்கு அடுத்த செயல் என்ன, நானா செய்ய வேண்டும், வேறொருவரா, இல்லை பதிலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்று அங்கேயே முடிவெடுக்க வைக்கும்.

அச்சக முதலாளிக்குப் பிளான்பிளஸ் பிடிக்கும். அதில் நியாயமும் உண்டு. சீசன் நெருக்கடியில் புது இயந்திரம், கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் மறந்துபோகும்போது, வாரத்துக்கு ஒருமுறை அவற்றை நினைவூட்டும் திரை தேவைதான். ஆனால் எங்கள் ஊர் வேலையில் முக்கால்வாசி காத்திருக்கும் வேலை. அரசு விடுமுறைப் பட்டியல் வெளியானால்தான் தினசரிக் காலண்டர் தாளில் சிவப்பு எழுத்தைத் துணிந்து அச்சிட முடியும். ஊரின் மற்றொரு தொழிலான பட்டாசில் இந்தக் காத்திருப்பு இன்னும் கடுமை. சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தடை விதித்தபோது, தீபாவளிக்கு இரண்டே வாரம் இருந்தது. அதன் பிறகு பசுமைப் பட்டாசுக் கலவைக்கும் அனுமதிக்கும் நாக்பூரிலுள்ள மத்திய ஆய்வு, உரிம நிறுவனங்களைப் பார்த்துக் காத்திருந்த மாதங்களில் ஏ1 என்று எதைக் குறிப்பது? ஆலன் முறையில் ‘காத்திருப்பவை’ என்று தனிப் பட்டியலே உண்டு: யாரிடம் கேட்டோம், எப்போது கேட்டோம், மறுபடி எப்போது கேட்க வேண்டும். நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு முதற்காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் வெயில். செய்த பட்டாசைக் காயவைக்க வெயில் வேண்டும். மேகம் திரண்டால் அன்றைய முதல் வேலை கடைசி வேலையாகிவிடும். ஆலன் வேலைகளை முக்கியத்துவத்தைவிடச் சூழலால்தான் பிரிக்கிறார்: தொலைபேசி கையிலிருந்தால் செய்பவை, கடைவீதிக்குப் போனால் செய்பவை என்று. அதில் ‘வெயில் அடித்தால்’, ‘மழை பெய்தால்’ என்று இரண்டு வகைகளைச் சேர்த்துவிட்டால் அந்தத் துணைநிரல் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு உரியதாகிவிடும். சேர்த்துப் பார்த்திருக்கிறேன், உதவுகிறது.

ஆனால் தீபாவளி விஷயத்தில் இரண்டு துணைநிரல்களுமே கைவிடுகின்றன. 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20 என்று பண்டிகை முன்னே வந்துகொண்டே இருந்தது. 2026இலோ நவம்பர் 8. ஆண்டுதோறும் திரும்பும் வேலை என்று அவுட்லுக்கில் பதிந்தால் அது ஆங்கிலத் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணி லாரி ஏற்றும் நாளைக் குறிக்கிற கணக்கை ஒவ்வோர் ஆண்டும் கையால்தான் மாற்ற வேண்டும்.

வாங்குமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியில் நிறுவப்படும் பழைய வகைத் துணைநிரல்கள் மைக்ரோசாஃப்டின் புதிய அவுட்லுக்கில் இயங்காது. வேலைகளை அவுட்லுக்கின் சொந்தப் பட்டியலிலேயே எழுதும் துணைநிரல் என்றால், அது நின்றுபோன பிறகும் பதிவுகள் உங்களிடம் இருக்கும். தனிக் கிடங்கில் வைப்பதென்றால் எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம்.

இரண்டு துணைநிரல்களிலும் எனக்கு உண்மையான வருத்தம் வேறு. நாள் கடந்த வேலையை அவுட்லுக் சிவப்பாக்கும். அச்சகத்தில் அந்தச் சிவப்பு ஓர் எச்சரிக்கை. பட்டாசு மருந்து கலக்கும் இடத்தில் அதே அவசரம் உயிரை எடுக்கும். எந்த அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்று உரிமத்தில் அளவு உண்டு. துணைநிரலுக்கு அப்படி ஓர் அளவு தெரியாது. ஒரே நாளில் நாற்பது வேலை ஏற்றினாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் ஆலை அலுவலகங்களில் நான் முதலில் செய்யச் சொல்வது, துணைநிரலைத் திறப்பதற்கு முன்பே, ஒரு நாளைக்கு ஆலை தாங்கும் அளவைப் போர்மேனிடம் கேட்டு நாட்காட்டியின் ஒவ்வொரு நாளிலும் எழுதிவிடுவது. ஆர்டர் கடிதத்துக்குத் தேதி சொல்லிப் பதில் போடுபவர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.