மலையகத்தில் ஐம்பெருங் கடமைகள்: ஸகாத்துக்குரிய இடம்

இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி, இஸ்லாம் ஐந்தின் மீது எழுப்பப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. அதன் அறிவிப்புகளில் சில நோன்பை முன்னும் ஹஜ்ஜைப் பின்னும் வைக்கின்றன. வேறு சில மாற்றி வைக்கின்றன. ஆனால் கலிமாவுக்கும் தொழுகைக்கும் அடுத்த இடம் ஸகாத்துக்கே. குர்ஆனும் தொழுகையோடு ஸகாத்தைப் பல இடங்களில் சேர்த்தே பேசுகிறது. ஸகாத் தர மறுத்தவர்கள் மீது அபூபக்ர் (ரலி) படை நடத்தியதும் இந்தப் பிணைப்பைக் காக்கத்தான்.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈ மத்ஹபினர். மேமன் சமூகத்தார் ஹனஃபிகள். ஹஜ்ஜை வசதி வந்ததும் நிறைவேற்ற வேண்டுமா, தள்ளிப்போடலாமா என்பதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபு அவகாசம் தருகிறது. வட்டகொடைப் பக்கத்து மழை நாளில் மஃரிபையும் இஷாவையும் பள்ளிவாசல் ஜமாஅத்தில் சேர்த்துத் தொழ நிபந்தனைகளோடு ஷாஃபிஈயில் வழியுண்டு, ஹனஃபியில் இல்லை. இவை பள்ளிவாசல்களில் அடிக்கடி பேசப்படுபவை.

ஸகாத்தின் சட்டங்களோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நுவரெலியாவின் கரட், லீக்ஸ், கோவா எதற்கும் ஷாஃபிஈ மத்ஹபில் விளைச்சல் ஸகாத் கிடையாது. சேமித்து உண்ணும் பிரதான உணவுக்கே அது உண்டு. இமாம் அபூஹனீஃபாவின் கருத்தில் மரக்கறிக்கும் உண்டு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, நீர் இறைத்தால் இருபதில் ஒன்று. தேயிலை ஷாஃபிஈயில் பயிராக நிற்கும்வரை கணக்கில் வராது. வாங்கி விற்கும் சரக்காகிவிட்டால் வரும்.

தலவாக்கலையிலோ அட்டனிலோ கடை வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் தட்டிலும் களஞ்சியத்திலும் உள்ள சரக்கை அன்றைய விலையில் மதிக்க வேண்டும். கையிலுள்ள காசையும், கடன் கொப்பியில் லயத்துக் குடும்பங்கள் தரவேண்டியதில் வரும் என்று நம்பத்தக்கதையும் கூட்ட வேண்டும். மொத்தம் சுமார் 85 கிராம் தங்கத்தின் பெறுமதியை எட்டினால் இரண்டரை வீதம் கடமை. கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுக்கவேண்டிய கடனை ஹனஃபியில் கழிக்கலாம். ஷாஃபிஈயின் வலுவான கருத்தில் கழிக்க முடியாது.

இந்தக் கணக்கைப் போடாமல், ரமழானின் கடைசி நாட்களில் வாசலுக்கு வருவோருக்குச் சில்லறை கொடுத்தால் ஸகாத் நிறைவேறியதாக எண்ணுவது பெருந்தவறு. தொழுகையின் ரக்அத்தை யாரும் உத்தேசமாக எண்ணுவதில்லையே!

இன்னொன்று. உரியவர் உள்ளூரில் இருக்க ஸகாத்தை வெளியூருக்கு அனுப்புவதை ஷாஃபிஈ மத்ஹபு ஏற்பதில்லை. மலையகத்தில் ஈட்டிய பணத்தின் ஸகாத்தில் மலையகத்து ஏழை முஸ்லிம்களுக்கே முதல் உரிமை. லயத்தில் வாழும் பிற சமய அயலாருக்கு ஸதகா தாராளமாகக் கொடுக்கலாம். ஃபித்ராவைக்கூடக் கொடுக்கலாம் என்பது அபூஹனீஃபாவின் கருத்து.

மலையகப் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள்: ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதத்திலேயே ஆலிம் ஒருவரையும் கணக்குத் தெரிந்த ஒருவரையும் உட்கார வைத்து, கடைக்காரர்களுக்கு ஸகாத் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.