பன்னிரண்டு கட்டங்களில் ஒரு கோலாட்டம்

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மீண்டும் மூடியும் ஏறத்தாழ ஈராண்டுகள் கழிந்தன. பரிசளிப்பு விழாவும் கலைவிழாவும் அற்றிருந்த அக்காலத்தில், 2021இல், வடமாகாணப் பாடசாலையொன்றின் நடனக் குழுவினர் தத்தம் வீடுகளிலிருந்தே ஆடிய கோலாட்டம் காணொளியாக வெளிவந்தது. அண்மையில் அதனை மீண்டும் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. “இடர்க்காலத்திற் பிள்ளைகள் ஏதோ செய்தார்கள், அதையுமா விமர்சிப்பது?” என்றார் உடனிருந்த நண்பர். பிள்ளைகளின் உழைப்பை மதிப்பதாயின், அவர்கள் ஆக்கியதை ஓர் ஆக்கமாகவே கொண்டு ஆராய்வதுதான் முறை என்பது எமது கருத்து.

முதலிற் சூம் வழியாக எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட முயன்றனராம். அது கைகூடவில்லை, கைகூடவும் மாட்டாது. சேர்ந்து இசைப்போரிடையே ஒலி, நொடியின் முப்பதில் ஒரு பங்களவு பிந்தினாலே தாளம் தளரத் தொடங்கும். இணையவழிச் சந்திப்பில் ஏற்படும் தாமதமோ அதனிலும் பன்மடங்கு. அன்றியும், பேச்சுக் குரலைத் தெளிவாகக் கேட்பிப்பதற்கென அமைந்த அச்செயலி ஏனைய ஒலிகளை இரைச்சலெனக் கொண்டு அடக்கிவிடும். நட்டுவாங்கத் தாளமும் கோலொலியும் அதற்கு இரைச்சலே. ஆகவே ஆசிரியை பாடலின் ஒலிப்பதிவை அனுப்பினார்; மாணவியர் தனித்தனியே ஆடிக் கைத்தொலைபேசியிற் பதிந்து அனுப்பினர்; பன்னிரண்டு பதிவுகளும் பன்னிரண்டு கட்டங்களாக ஒரே திரையில் ஒட்டப்பட்டன.

எமது முதற்குறை தேர்வு பற்றியது. கோலாட்டத்தின் உயிர் எதிரில் நிற்பவளின் கோலில் இருக்கிறது. அவள் கோலை உயர்த்தும் கணத்தை அறிந்து அடிக்க வேண்டும். பிந்தினால் கோல் வெறுவெளியில் வீழும், தவறினால் விரலில் வீழும். ஒருத்தியின் உடல் மற்றொருத்தியின் உடலுக்குச் செவிசாய்க்கக் கற்பதே அவ்வாடலின் பயிற்சி. காணொளியிலோ ஒவ்வொருத்தியும் தன் வலக்கைக் கோலால் தன் இடக்கைக் கோலையே அடித்துக்கொள்கிறாள். பக்கந்திரும்பி அடிக்குமிடத்து அயற்கட்டத்தை நோக்கிக் கோலை நீட்டுகிறாள். அது கட்டத்தின் விளிம்பில் வெட்டுண்டு போகிறது. ஒலிப்பதிவில் மட்டும் கோல்கள் ஒழுங்காக மோதுகின்றன.

நியூயோர்க் நகரத்து ஜூலியார்ட் கலைக்கல்லூரியினர் இதே இடர்ப்பாட்டை எதிர்கொண்ட விதம் நோக்கத்தக்கது. 2020 ஏப்பிரில் இறுதியில் அவர்கள் வெளியிட்ட காணொளிக்கு எடுத்துக்கொண்டது, ராவெல் 1928இல் நடனத்துக்கென ஆக்கிய ‘பொலேரோ’. அவ்விசையிற் சிறுமுரசின் தாளம் மாறாது நிற்க, ஒரே மெட்டு கருவிக்குக் கருவி கைமாறிச் செல்லும். தனித்திருப்போரை ஒருவர்பின் ஒருவராகச் சேர்த்துக்கொள்ள இடந்தரும் அமைப்பு அது. அவர்தம் வசதிகள் வேறென்பர், உண்மை. வசதியற்றோரும் பொருத்தமானதைத் தேரலாமே! நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, வட்டக்களரிக்குரிய ஆட்டத்தை முன்னிருந்து பார்ப்போருக்கேற்ப அமைத்தார். விடியுமட்டும் நீண்டதைச் சுருக்கினார். களம் மாறியதை அவர் கணக்கிற் கொண்டார்.

எனினும் ஒரு கட்டத்தை நாம் மறக்கவியலாது. கீழ்வரிசையில், பூசப்படாத சீமெந்துக் கற்சுவரின் முன்னே ஒரு மாணவி ஆடுகிறாள். அடிக்குமிடம் வரும்போதெல்லாம் ஓரத்திலிருந்து ஒரு சிறு கை நுழைந்து அவள் கோலைத் தட்டிவிட்டு மறைகிறது. தம்பியோ தங்கையோ அறியோம். கையிலிருப்பது கோல் அன்று; அகப்பைக் காம்பு. ஓரிடத்தில் அது பிந்துகிறது. அவள் காத்திருந்து அடிக்கிறாள். பன்னிரண்டு கட்டங்களில் அங்கு மட்டுமே கோலாட்டம் நிகழ்கிறது. தொகுத்தவர் அக்கையை வெட்டாமல் விட்டது தற்செயலாயினும் நன்றே.

அச்சுவர் வேறொன்றையும் நினைவூட்டுகிறது. பாடசாலை மேடையிற் கூலித்தொழிலாளியின் மகளும் வைத்தியரின் மகளும் ஒரே உடையில், ஒரே ஒளியில் ஆடுவர். அந்தச் சிறிய சமத்துவத்தைத் திரை பறித்துவிட்டது. ஒரு கட்டத்திற் கண்ணாடி அலுமாரியும் பளிங்குத் தரையும். மற்றொன்றிற் பின்னணியை மறைக்கக் கட்டிய அம்மாவின் சேலை. எவள் நன்றாக ஆடுகிறாள் என்பதைவிட, எவள் வீட்டில் வெளிச்சம் உண்டு என்பதே முதலிற் கண்ணிற்படுகிறது.

பயின்றவர்களோ பதினாறு பேர். நால்வர் காணொளியில் இல்லை. ஒருத்தியின் வீட்டுத் தொலைபேசி தந்தையுடன் வேலைக்குப் போய்விடுமாம். ஏனையோர்க்கு டேற்றாவுக்குப் பணமில்லை, அல்லது அலைத்தொடர்பு இல்லை. பதுளை மாவட்டக் கிராமமொன்றின் மாணவர் அலைத்தொடர்பு தேடிக் குன்றேறிய செய்தியும் அதே 2021இல் வந்ததுதான். மேடையில் ஒருத்தி வராதுவிடின் அவளுடைய இணையின் கோல் வெறுமையை அடிக்கும், வட்டம் உடையும், சபை முழுதும் அறியும். கட்டங்களில் அப்படியன்று. பதினாறு பன்னிரண்டாகும், பன்னிரண்டு ஒன்பதாகும். ஒவ்வொருமுறையும் திரை ஒழுங்காக நிரம்பியிருக்கும். தொழில்நுட்பத்தை நாம் பழிக்கவில்லை. இல்லாமையை இவ்வளவு துப்புரவாக மறைக்கவல்ல ஒரு வடிவத்தைக் கையாளுவோர், அதனை எங்கேனும் வெளிப்படுத்தியிருக்க வேண்டும் என்கிறோம். நான்கு கட்டங்களைக் கறுப்பாகவே விட்டிருக்கலாம். அதுவும் இயலாதெனின், இறுதியில் ஓடும் பெயர்ப்பட்டியலிலேனும் அந்நால்வரின் பெயர்களைச் சேர்த்திருக்கலாம். அதில் அதிபரின் பெயர் இருமுறை வருகிறது.