விளக்கை அணைக்கும் நொடி

ஒளியால் நீந்தும் நுண் ரோபோக்களின் வீடியோக்கள் இணையத்தில் நிறையவே கிடைக்கின்றன. மங்கலான திரையில் சில புள்ளிகள் அலைகின்றன, இதில் என்ன இருக்கிறது என்று பலரும் தள்ளிவிட்டுப் போகிறார்கள். எந்த நொடியைப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டால் கண்ணை எடுக்க மனம் வராது.

விளக்கு போடுவதற்கு முன்பே கவனியுங்கள். அப்போதும் புள்ளிகள் துடித்துக்கொண்டிருக்கும். அது நீச்சல் இல்லை. நீர் மூலக்கூறுகள் நாலாபுறமும் மோதுவதால் வரும் நடுக்கம். 1827இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்டது இதைத்தான். விளக்கு எரிந்ததும் அந்த நடுக்கத்துக்கு ஒரு போக்கு வந்துவிடும்.

பழக்கிக்கொள்ள நல்ல வீடியோ, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜெரமி பாலாச்சி குழுவினர் 2013இல் வெளியிட்டது. இங்கே ரோபோ என்பது ஒளி ஊடுருவும் பாலிமர் மணி ஒன்று. அதன் பக்கவாட்டில் ஹெமடைட் என்ற இரும்பு ஆக்ஸைடு கட்டி புதைந்திருக்கிறது. காவிக்கல்லுக்குச் சிவப்பைத் தருவதும் இதே பொருள்தான். சுற்றிலும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கலந்த நீர். நீல ஒளி பட்டதும் ஹெமடைட் தன்னருகே இருக்கும் பெராக்ஸைடைச் சிதைக்கிறது. மணியின் ஒரு பக்கத்தில் மட்டும் கரைசலின் செறிவு மாற, பரப்பை ஒட்டித் திரவம் நழுவுகிறது, மணி நகர்கிறது. துடுப்பும் இல்லை, வாலும் இல்லை. பல மணிகள் கூடினால் ஒற்றை அடுக்காய்ப் படிகம் கட்டி, நகர்ந்து, உடைந்து, மறுபடி சேர்கின்றன. எனக்கு அலுக்காத காட்சி இது.

இப்போது விளக்கை அணைக்கிறார்கள். மணிகள் அந்தக் கணமே நின்றுவிடுகின்றன, கொஞ்சம்கூடச் சறுக்குவதில்லை. இந்த அளவில் தண்ணீரே வெல்லப்பாகு மாதிரி. நீந்துவதை நிறுத்திய பாக்டீரியா ஒரு ஹைட்ரஜன் அணுவின் அகலம்கூட நகராது என்று இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் 1977இல் கணக்குப் போட்டுக் காட்டினார். உந்து விசை போனதும் பழைய நடுக்கம் மட்டுமே மிஞ்ச, படிகம் மெல்லக் கலைந்துபோகிறது.

அடுத்து, ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் கார்பன் நைட்ரைடில் செய்தவற்றைப் பாருங்கள். 2020இல் அவர்கள் காட்டிய துகள்கள், விளக்கு அணைந்த பின்னும் இருட்டில் தொடர்ந்து நீந்தின! இந்த மஞ்சள் தூள், பட்ட ஒளியை மின்னூட்டமாகத் தனக்குள்ளேயே சேமித்து வைக்கிறது; பேட்டரியும் மோட்டாரும் ஒரே பொருள்தான். இரண்டு வீடியோக்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பொருள் மாறினால் நீச்சலின் குணமே மாறுவது கண்ணில் படும்.

கடைசியாக, எந்தத் திரவம் என்ற குறிப்பைத் தேடுங்கள். இவற்றை உடம்புக்குள் விடுவதென்றால் பெராக்ஸைடு ஆகாது. உப்பு நீரோ இத்தகைய நீச்சலுக்குப் பெரிய எதிரி: அதிலுள்ள அயனிகள் துகளைச் சுற்றி எழும் மின்புலத்தை மறைத்து முடக்கிவிடும். அப்படியிருந்தும், 2022இல் ஷ்டுட்கார்ட் துகள்கள் உப்புக் கரைசலிலும் செல் வளர்க்கும் திரவத்திலும் தனி எரிபொருள் இல்லாமலே நீந்தின. நுண்துளைகள் நிறைந்த அந்தப் பொருளுக்குள் அயனிகள் புகுந்து போக முடிவதே காரணம். அதே துளைகளில் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை, தம் எடையைவிட அதிகமாகவே ஏற்றிக்கொண்டன. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி தசைக்குள் ஆழமாக இறங்காது. நெஞ்சுக்குள் புகுந்து வைத்தியம் பார்க்கும் ரோபோ என்று வரும் தலைப்புகளைவிட, உப்பு நீரில் அந்தத் துகள் நகர்ந்ததே எனக்குப் பெரிய செய்தி.