பால்துளியின் மகுடம்

தட்டில் விழுந்த பால்துளி வட்டமாய்த் தெறித்தெழுகிறது. நுனிதோறும் முத்துக் கோத்த வெண்மகுடம்; பின்னே சிவப்பு நிறம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனப் பேராசிரியர் ஹரால்டு எட்ஜர்ட்டன் 1957-இல் எடுத்த இப்புகைப்படத்தை வாசகர்கள் பலரும் கண்டிருக்கக்கூடும். அதன் அழகை நான் மறுக்கவில்லை. ஆயினும் அண்மையில் அதைப் பார்க்குந்தோறும் உள்ளத்தில் ஒரு நெருடல் எழுகிறது.

நெருடல் பிறந்த இடம் என் சமையலறை. தங்கை மகன் விட்டுச்சென்ற கேமராவும் ஃபிளாஷும் கையில் இருந்தன. மழைக்கால இரவுகளும் வாய்த்தன. முறை எளியதே. விளக்கை அணைத்து, ஷட்டரை இரண்டு விநாடி திறந்து வைத்து, மருந்துக் குழலால் பாலைச் சொட்டி, ஃபிளாஷை மிகக் குறைந்த ஆற்றலில் ஒருமுறை மின்னவிட வேண்டும். இங்கே அசைவை நிறுத்துவது ஷட்டரன்று, ஒளியே. 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி, தட்டைத் தொடுகையில் விநாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் வேகம் கொண்டிருக்கும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் ஓடிவிடும், உருவம் குழம்பிப்போகும். இருபதாயிரத்தில் ஒரு பங்கு நேரமே மின்னும் ஒளியிலோ, மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் நகரும்.

எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தேன். மகுடம் எனத்தக்கவை மூன்று. அவற்றுள் இரண்டு கோணல். நேராய் நின்ற ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்தேன். வந்தோர்க்கெல்லாம் காட்டி, "பால்துளி இப்படித்தான் தெறிக்கும்" என்றும் சொன்னேன்.

அப்போதுதான் ஆர்தர் வொர்திங்டன் நினைவுக்கு வந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஆங்கில இயற்பியலறிஞர் இருட்டறையில் பாலையும் பாதரசத்தையும் சொட்டவிட்டு, மின்பொறியின் ஒரு கண வெளிச்சத்தில் கண்ணில் தங்கியதைக் கையால் வரைந்தார். அவர் வெளியிட்ட ஓவியங்கள் செவ்வொழுங்கு கொண்டவை. 1894-இல் தெறிப்பைப் புகைப்படமாக்கினார். படங்களிலோ வளைந்த விளிம்பு, ஒடிந்த கதிர், சமமற்ற இடைவெளி! பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, ஒழுங்கற்ற தெறிப்புகளைத் தாமே முன்பும் கண்டிருந்தது தெரிந்தது. அவற்றைத் தற்செயல் பிழையென்று ஒதுக்கி, மனத்திலிருந்த நிறைவடிவையே வரைந்து வந்திருக்கிறார். 1908-இல் வெளியான 'தெறிப்புகள் பற்றிய ஓர் ஆய்வு' என்னும் நூலில் இதை அவர் மறைக்கவில்லை. முப்பதாண்டு உழைப்பின் நடுவே தம் கண்ணையே ஐயுற்ற இம்மனிதரை நான் எட்ஜர்ட்டனுக்கு மேலே வைப்பேன்.

எட்ஜர்ட்டன் பொய் சொன்னார் என்பதல்ல என் வாதம். அவர் படத்தை உற்று நோக்கினால் முத்துக்கள் ஒரே அளவில் இல்லை. ஒளி உள்ளதையே காட்டியிருக்கிறது. ஆனால் 1930-களிலேயே பால்துளியைப் படமெடுத்தவர், 1957-இலும் அதையே தேடிக்கொண்டிருந்தார். அத்தனை ஆண்டுகளில் தெறித்த துளிகள் எத்தனை! உலகம் அறிந்தது மகுடத்தை மட்டுமே. வொர்திங்டனின் கை வரைகையில் செய்ததை, நம் கை தெரிவு செய்கையில் செய்கிறது. வரைந்தவருக்குப் புகைப்படம் வந்து தவற்றைக் காட்டியது. தெரிந்தெடுப்பவருக்கு அதைக் காட்ட எது வரும்?

அழித்த படங்களை மீட்க இயலவில்லை. மறுபடியும் சொட்டத் தொடங்கியிருக்கிறேன். இம்முறை கோணலையும் நாள் குறித்துச் சேர்த்து வைக்கிறேன். சமையலம்மாதான் பால் கணக்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.