சொந்த முகவரியிலிருந்து மென்பொருள்: ஜீரோ இன்ஸ்டால், பயன்படுத்திப் பார்த்த அனுபவம்

தெலுக் இந்தானில் ஒருவர் சிறிய தமிழ் நிரல் ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது ஊத்தான் மெலிந்தாங்கில் உள்ள விண்டோஸ் கணினிக்கும் ஈப்போவில் உள்ள லினக்ஸ் மடிக்கணினிக்கும் போய்ச் சேர வேண்டும். ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் செயலிக் கடையில் பதிந்துவிட்டு ஒப்புதலுக்குக் காத்திருக்கலாம். இல்லையென்றால் சிப் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். வாங்கியவர் அதை நம்பித் திறப்பாரா, திறந்தாலும் அது ஓடுமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த இரண்டுக்கும் மாற்றாக இருபது ஆண்டுகளாக இருந்துவரும் வழிதான் ஜீரோ இன்ஸ்டால். எழுதுபவர் தன் இணையதளத்திலேயே வைக்கலாம். பெறுபவர் சரிபார்த்துக்கொண்டே ஓட்டலாம்.

ராக்ஸ் டெஸ்க்டாப் திட்டத்தை உருவாக்கிய தாமஸ் லெனார்ட் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. பைத்தானில் எழுதப்பட்டிருந்ததை 2014 வாக்கில் ஓகேமல் மொழிக்கு மாற்றினார். விண்டோஸ் பதிப்பைத் தனியாக சி ஷார்ப்பில் எழுதியவர் பாஸ்டியன் ஐகர்.

நம் தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885இல் குடிநீர்த் தொட்டியாகவும் சேர்த்தே கட்டப்பட்டது. ஊருக்கெல்லாம் ஒரே தொட்டி. ப்ளே ஸ்டோரும் உபுண்டுவின் களஞ்சியமும் அந்த வகை. ஜீரோ இன்ஸ்டாலில் வீட்டுக்கு வீடு கிணறு. தண்ணீர் நல்லதுதானா என்று சோதிக்கும் முறை மட்டும் எல்லாருக்கும் பொது.

முதலில் சில சொற்கள்

இதன் ஆவணங்களைத் திறந்தால் சில சொற்கள் திரும்பத் திரும்ப வரும். அவை பிடிபட்டால் முழு அமைப்பும் பிடிபட்டுவிடும்.

இன்டர்ஃபேஸ்: நிரல் என்ன வேலை செய்கிறது என்பதன் அடையாளம். இந்த அடையாளம் ஓர் இணைய முகவரி. முகவரி உங்களுடையது என்றால் பெயரும் உங்களுடையது. அதை வேறு யாரும் பதிந்து வைத்துக்கொள்ள முடியாது.

ஃபீட்: அந்த முகவரியில் இருக்கும் எக்ஸ்எம்எல் கோப்பு. எந்தெந்தப் பதிப்புகள் உள்ளன, எங்கே கிடைக்கும், எதெது துணைக்கு வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கும். ஒரே இன்டர்ஃபேஸுக்கு வேறொருவரும் கூடுதல் ஃபீட் எழுதலாம்.

இம்ப்ளிமென்டேஷன்: குறிப்பிட்ட வகைக் கணினிக்கான குறிப்பிட்ட பதிப்பு. உண்மையில் ஓடுவது இதுதான்.

டைஜெஸ்ட்: அந்தப் பதிப்பின் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துக் கணக்கிட்ட கைரேகை. பொதியைப் பிரித்த பின் உள்ளே இருப்பதைத்தான் இது அளக்கிறது. எனவே சிப்பாக வந்தாலும் டாராக வந்தாலும் உள்ளடக்கம் ஒன்றென்றால் டைஜெஸ்ட்டும் ஒன்றே.

கேஷ்: பதிவிறக்கிய பதிப்புகள் தங்கும் இடம். ஒவ்வொன்றும் அதனதன் டைஜெஸ்ட்டின் பெயரிலேயே தனிக் கோப்புறையில் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படுவதில்லை.

செலெக்ஷன்ஸ்: இந்தக் கணினியில் இன்று எந்தப் பதிப்பு எதனோடு சேர்ந்து ஓட வேண்டும் என்று கணக்கிட்டு எடுத்த முடிவு.

டிஸ்கியோடு ஒரு சோதனை

யுனிகோடு பரவும் முன் தமிழ் இணையத்தில் டிஸ்கி என்ற எழுத்துக் குறியீடு பெருவழக்காக இருந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் அந்தக் காலத்தில் தன் மின்னூல்களை டிஸ்கியில் வெளியிட்டது. அப்படிச் சேமித்த பழைய கோப்புகள் என்னிடமும் உள்ளன. இன்றைய கணினியில் அவை வெறும் ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. மாற்றும்போது குறியீட்டு எண்ணை மாற்றினால் மட்டும் போதாது. 'தெலுக்' என்று எழுதினால் டிஸ்கியில் கொம்பு முதலில் வரும், தகரம் அடுத்து வரும். யுனிகோடில் தகரத்துக்குப் பின்னால்தான் கொம்பு. வரிசையையும் திருத்த வேண்டும்.

முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இந்த மாற்றத்துக்கான பகுதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் குட்டி நிரல் ஒன்றை எழுதி, அதற்கு ஒரு ஃபீட் தயாரித்தேன். ஓப்பன்-தமிழுக்கும் தனி ஃபீட் எழுதினேன். அந்த நூலகத்தை நான் மறுபடி பதிவேற்றத் தேவைப்படவில்லை. அது ஏற்கெனவே இருக்கும் பொதியின் முகவரியையும் டைஜெஸ்ட்டையும் குறித்தாலே போதும். விண்டோஸில் இதற்கென்றே உள்ள பதிப்பாளர் கருவி படிப்படியாகக் கேட்டு நிரப்பிக்கொள்கிறது. எக்ஸ்எம்எல் தெரியாதவரும் சமாளிக்கலாம். கடைசியில் ஜிபிஜி என்ற மின்னொப்பக் கருவியின் சாவியால் ஒப்பமிட்டால், ஒப்பம் கோப்பின் அடியில் ஒரு குறிப்பாக ஒட்டிக்கொள்கிறது. பொதுச்சாவியை ஃபீட் இருக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். சாதாரண இணைய வழங்கி போதும். தனி மென்பொருள் எதுவும் வேண்டாம்.

லினக்ஸ் மின்ட் போட்ட பழைய மடிக்கணினியில் அந்த முகவரியைக் கொடுத்து ஓட்டினேன். 'இந்தத் தளத்துக்கு இந்தச் சாவியை நம்புகிறீர்களா' என்று கேட்டது. ஒப்புக்கொண்டதும் அங்கே ஏற்கெனவே இருந்த பைத்தானையே எடுத்துக்கொண்டு ஓடியது. பைத்தானே இல்லாத விண்டோஸ் கணினியில் அதே முகவரியைக் கொடுத்தபோது பைத்தானையும் தானே கொண்டுவந்து கேஷில் வைத்து ஓட்டியது. செலெக்ஷன்ஸ் என்பதன் பொருள் அங்கே கண்ணுக்குத் தெரிந்தது: முகவரி ஒன்று, முடிவு கணினிக்குக் கணினி வேறு. இரண்டிலும் நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கவில்லை, சிஸ்டம் கோப்புறைகளில் எதையும் தூவவில்லை. நூலகம் எங்கே இருக்கிறது என்பதை நிரல் ஓடும் நேரத்தில் மட்டும் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறது.

அடுத்து வேண்டுமென்றே ஒரு விஷமம் செய்து பார்த்தேன். சுருக்காத டார் பொதிக்குள் ஒரே ஓர் இலக்கத்தை மாற்றி, கோப்பின் அளவு மாறாதபடி மீண்டும் தளத்தில் ஏற்றினேன். புதிதாக இறக்கிய கணினி டைஜெஸ்ட் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. கேஷுக்குள் எதுவும் நுழையவில்லை. தளத்துக்குள் புகுந்த திருடன் பொதியை மாற்றலாம். ஆனால் ஒப்பமிடும் சாவி என் கையில் இருக்கும்வரை ஃபீடை அவனால் மாற்ற முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றும் சிப் கோப்புக்கு இந்தக் காவல் கிடையாது.

இணைப்பு மெதுவாக உள்ள தோட்டப்புற வீடுகளுக்கு விண்டோஸ் பதிப்பில் பயனுள்ள வசதி ஒன்று உண்டு. தேவையான ஃபீடுகளையும் பதிப்புகளையும் சேர்த்து ஒரு கோப்புறைக்கு ஏற்றுமதி செய்து, பென் டிரைவில் கொண்டுபோய் வேறு கணினியில் இறக்கலாம். டைஜெஸ்ட் சோதனை அங்கேயும் நடக்கும்.

எங்கே தடுமாறுகிறது

முதல் குறை, அந்தச் சாவிக் கேள்வி. நீண்ட எண்-எழுத்து வரிசையைக் காட்டி 'நம்புகிறீர்களா' என்று கேட்டால் பெரும்பாலோர் படிக்காமல் ஆமாம் என்று அழுத்துவார்கள். வெளியிடுபவர் தன் சாவியின் கைரேகையை வேறு வழியிலும் அறிவிக்க வேண்டும்: தொலைபேசியில் சொல்லலாம், சங்க மலரில் அச்சிடலாம்.

இரண்டாவது, வந்த பின் வேலி கிடையாது. வருவது மாறாமல் வருகிறது என்பதற்குத்தான் இது பொறுப்பு. எழுதியவரே தீய எண்ணத்தோடு எழுதியிருந்தால் உங்கள் கோப்புகளை அது தொடலாம். லினக்ஸில் நிரல்களை வழங்கும் பிளாட்பேக் என்ற முறையில் உள்ள தடுப்புச் சுவர் இங்கே தானாகக் கிடைப்பதில்லை.

மூன்றாவது, தமிழருக்கு முக்கியமானது: விசைப்பலகை மென்பொருளுக்கு இது ஏற்றதல்ல. தமிழ்99 உள்ளீட்டு முறை எல்லாச் செயலிகளிலும் வேலை செய்ய வேண்டுமென்றால் அதை இயங்குதளத்திலேயே பதிய வேண்டும். தனித்து ஓடும் நிரல்களுக்குத்தான் ஜீரோ இன்ஸ்டால்.

நான்காவது, முகவரி செத்தால் புதியவர்களுக்கு வழி அடைபடும். ஏற்கெனவே கேஷில் வைத்திருப்பவர்கள் தொடர்ந்து ஓட்டலாம். 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டபோது தமிழ் எழுத்துருப் பக்கங்கள் பலவும் அதோடு போயின. இலவசத் தளத்தில் ஃபீட் வைப்பவர்கள் அதை நினைவில் கொள்ள வேண்டும். சொந்த டொமைன் வாங்கி, ஆண்டுதோறும் புதுப்பித்துவிடுங்கள்.

போட்டிக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஸ்னாப் ஒரே நிறுவனத்தின் கடையைச் சார்ந்தது. பிளாட்பேக்கில் யாரும் களஞ்சியம் வைக்கலாம், ஆனால் நடைமுறையில் எல்லாரும் பிளாட்ஹப்புக்கே போகிறார்கள். விண்டோஸிலும் அது ஓடாது. நிக்ஸ் இதைவிட ஆழமானது, கற்க நாளாகும். விண்டோஸும் லினக்ஸும் கலந்து கிடக்கும் நம் வீடுகளுக்கும் சங்கங்களுக்கும் இவற்றுள் பொருந்துவது ஜீரோ இன்ஸ்டால்தான்.

யாருக்கு?

வெறுமனே பயன்படுத்துபவருக்கு இதை முதன்மைக் கடையாகப் பரிந்துரைக்க மாட்டேன். பட்டியல் சிறியது, எனக்கு வந்த அறிவிப்புகள் எல்லாம் ஆங்கிலம். ஆனால் எழுத்துமாற்றி, சொற்பிழை திருத்தி, கோவில் கணக்கு, பள்ளிப் பயிற்சி என்று சின்னச் சின்னதாகத் தமிழ்க் கருவிகள் எழுதுபவர்களுக்கு இதை அழுத்தமாகச் சொல்வேன். கடைக்காரர் நம் மொழிக்குச் சந்தை இருக்கிறதா என்று பார்த்துத்தான் இடம் கொடுப்பார். இங்கே இடம் கேட்க வேண்டியதே இல்லை. ஒரு டொமைனும் பத்திரமாகப் பூட்டிய சாவியும் இருந்தால் நீங்களே வெளியீட்டாளர். சாவிக்கு இன்றே ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். அது தொலைந்தால் அடுத்த பதிப்பை வேறு சாவியால்தான் ஒப்பமிட முடியும், உங்களை நம்பிய ஒவ்வொருவரிடமும் மறுபடி நம்பிக்கை கேட்க வேண்டியிருக்கும்.