எலிக்கு உதவிய கொத்தமல்லி

சுண்டெலிகளுக்கு ஈயம் கலந்த குடிநீர் கொடுத்தார்கள். சில நாள் கழித்துக் கொத்தமல்லியையும் சேர்த்துப் புகட்டினார்கள். எலும்பில் ஈயம் படிவது நன்றாகக் குறைந்தது. ஜப்பானில் நடந்த இந்த ஆய்வு 2001இல் வெளியானது. பின்னர் ஈரானில், உடலில் ஈயம் ஏறியிருந்த 3 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்குக் கொத்தமல்லிப் பாகு 14 நாள் தரப்பட்டது. இரத்தத்தில் ஈயம் குறையவே செய்தது. ஆனால் மருந்தில்லாத வெறும் பாகு குடித்த குழந்தைகளுக்கும் அதேபோல் குறைந்தது.

அதற்காக எலி ஆய்வுகளை வீண் என்று தள்ளிவிட முடியாது. மூளையிலும் சிறுநீரகத்திலும் எவ்வளவு உலோகம் தங்கியிருக்கிறது என்பதை உயிருள்ள மனிதரிடம் நேரடியாக அளப்பது அரிது, எலியில் அளக்கலாம். குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தினர் முருங்கை விதைப்பொடி ஆர்செனிக்கின் தாக்கத்தைத் தணிப்பதை அப்படித்தான் காட்டினார்கள்.

குறை, ஆய்வுகள் அமைக்கப்படும் முறையில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் நஞ்சும் மூலிகையும் ஒரே காலத்தில் தரப்படுகின்றன. குடலிலேயே உலோகத்தை மூலிகை பிடித்துக்கொண்டால், அது தடுப்பே தவிர சிகிச்சை அல்ல. மனிதர்களோ பல ஆண்டுகள் நஞ்சேறிய பிறகே மருத்துவரிடம் போகிறார்கள். அதற்குள் ஈயம் எலும்பில் குடியேறியிருக்கும். இன்னொன்று: உடலைச் சேதத்திலிருந்து காக்கும் கேட்டலேஸ், குளூட்டத்தயோன் ஆகியவற்றின் அளவுகள் சீரானதைக் காட்டி "நச்சு நீங்கியது" என்று முடிவெழுதுவது பெருந்தவறு. சேதம் தணிவது வேறு, உலோகம் வெளியேறுவது வேறு.

விலங்கின் இயல்பையும் மறக்கக் கூடாது. எலி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், நம்மால் முடியாது. எலியின் சிவப்பணுக்கள் ஆர்செனிக்கை நம்முடையவற்றைவிட அதிகம் பிடித்து வைக்கும். அளவும் இடிக்கும். எலிக்குப் பூண்டுச் சாறு கிலோ எடைக்கு 400 மில்லிகிராம் என்றால், வழக்கமான கணக்கில் 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் செறிவூட்டிய சாறு வேண்டும். ரசத்தில் போடும் பூண்டு அந்த அளவை எட்டாது.

பூண்டின் கதை சற்றே நம்பிக்கை தருகிறது. ஈரானின் மஷ்ஹதில் கார் பேட்டரித் தொழிலாளர் 117 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பூண்டு மாத்திரையும் மற்றதற்கு ஈயத்தை நீக்கும் மருந்தான பெனிசிலமைனும் 4 வாரம் கொடுத்தார்கள். பூண்டுக் குழுவில் இரத்த ஈயம் சுமார் 18 விழுக்காடு குறைந்தது. பெனிசிலமைனுக்கு அது சளைக்கவில்லை. ஆனால் 2012இல் வெளியான இந்த ஆய்வில் மருந்தில்லா ஒப்பீட்டுக் குழு இல்லை. கொத்தமல்லிப் பாகின் அனுபவத்துக்குப் பிறகு அது சிறு குறையாகத் தெரியவில்லை.

இரத்த அளவு குறைவதும் முழு வெற்றி ஆகாது. ஈயத்தை நீக்கும் மருந்தான சக்சிமரை அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் சோதித்தபோது ஈயம் இறங்கியது, அறிவுத்திறன் மேம்படவில்லை.

இனி வரும் எலி ஆய்வுகள் நஞ்சை நிறுத்திய பிறகு மூலிகையைத் தொடங்கட்டும். உறுப்புகளில் உலோகத்தை அளக்கட்டும். சக்சிமரோடு நேருக்கு நேர் ஒப்பிடட்டும். அதுவரை, ஈயத் தொழிலில் இருப்பவர்கள் மூலிகை மாத்திரையை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.