வஞ்சித்தலும் மறைத்தலும்

வேப்பந்தட்டையிலுள்ள சைவ அன்பரொருவர், இறைவனது ஐந்தொழிலுள் ஒன்றாகிய மறைத்தலுக்கு ‘உயிர்களை வஞ்சித்தல்’ என்று பொருளெழுதிய கட்டுரையொன்றைக் காட்டி, இஃது ஏற்குமோ என வினவினார். வினா ஒரு சொல்லைப் பற்றியதேயாயினும், இறைவனது அருளுடைமையே அதனால் ஐயத்துக்கு இடமாதலின், ஈண்டு ஆராயற்பாலதாயிற்று.

வஞ்சித்தல் என்பது, கோணிச் சேறல், ஏமாற்றுதல் என்னும் பொருள்படும் வடமொழிப் பகுதியினின்றும் போந்த சொல். உலக வழக்கில் ஏய்த்தல் என்பர். பொய்யை மெய்யெனப் பிறரைக் கொள்ளச் செய்தலும், அதனால் தன் கருத்தை முடித்துக்கொள்ளுதலும் அச்சொற்பொருட்கு இன்றியமையாதன. திருவள்ளுவனார் கூடாவொழுக்கத்தின் முதற்குறளில் மனத்துக்கு வஞ்சத்தையும் ஒழுக்கத்துக்குப் படிற்றையும் அடையாக்கினார். படிற்றொழுக்கத்தைப் பரிமேலழகர் மறைந்த ஒழுக்கமென்றாராலெனின், ஆண்டு மறைவைக் குற்றமாக்கியது முன்னின்ற வஞ்ச மனமே என்க. மறைவு தானே வஞ்சமாயின், மனத்துக்கு அவ்வடை வேண்டப்படாது.

திருக்கோவலூரிற் புகுந்த முத்தநாதன் திருநீறணிந்து, புத்தகக் கட்டினுள் படையை மறைத்தான். மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்லுதலே கருத்தாகலின் அம்மறைத்தல் வஞ்சித்தலாயிற்று. சேக்கிழார் சுவாமிகளும் அவனை அகத்தே கருமை கொண்ட விளக்குக்கு ஒப்பிட்டார்.

இறைவன் மறைத்தலோ அன்னதன்று. ஆணவத்தாற் கட்டுண்ட உயிர் வினையை நுகர்ந்து, இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்துங்காறும், அவன் தன்னைக் காட்டாது உலகைக் காட்டி நிற்பன். அதனால் அவன் பெறுவது யாதுமில்லை, பயனெல்லாம் உயிர்க்கே. குழவி பால்குடி மறத்தற்பொருட்டு மார்பில் வேப்பெண்ணெய் தடவும் தாயை வஞ்சகியென்பார் உளரோ? திரோதாயியை ஐம்மலங்களுள் ஒன்றாக எண்ணியதும், மலத்தைச் செலுத்தி நிற்றல் பற்றிய உபசாரமே யென்பது நம் ஆசிரியர் துணிபு.

அற்றேல், திருஞானசம்பந்த சுவாமிகள் தம் முதற்றிருப்பதிகத்தில் இறைவனைக் கள்வனென்றது என்னையெனின், தம் உள்ளத்தை அவன் தன்வயமாக்கிய இன்பம் பற்றி அன்பின் மிகுதியாற் கூறியதென்க. பாலூட்டியவர் யாரென வெகுண்ட தந்தையார்க்கு அடையாளங்கூறிக் காட்டிய பதிகம் அது. பொய் காட்டினானென்னும் பழி ஆண்டு யாதுமில்லை.

ஆகலின் மறைத்தலை மறைத்தலென்றே எழுதுக. அருளை வஞ்சமென மாணாக்கர் ஒருகாற் பயில்வாராயின், பின்னர் அக்கருத்தைக் களைதல் அரிது. நூலெழுதுவார் இதனை உளங்கொள்வாராக.